தூண்டிலில் மாட்டியது

மடத்துக்கும் கடலுக்கும் நடுவே பழைய குருவின் சமாதி மட்டும்தான் இருந்தது. முன்பு அங்கே ஒரு சவுக்குத் தோப்பும் இருந்தது. அதைக் கடல் எடுத்துக்கொண்டது. அடுத்தது சமாதிதான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அந்தப் பேச்சைக் கேட்டால் தாண்டவராயனுக்குச் சோறு இறங்காது. பழைய குருவை எல்லோரும் ஐயா என்பார்கள். தாண்டவராயன் இளவயதிலேயே அவரிடம் வந்து சேர்ந்தவர். ஐயாவை உட்கார்ந்த கோலத்தில் குழியில் இறக்கிய கைகளில் இவருடையதும் ஒன்று.

ஐயாவுக்குப் பின் குருவாக அமர்ந்தவர் மங்கையம்மை. வயதில் தாண்டவராயனைவிட மிகவும் இளையவர். இவர் அவரை அம்மா என்பார். அவர் இவரை அண்ணே என்பார். மடத்தில் யாருக்கும் அது வேடிக்கையாகத் தெரிந்ததில்லை.

அம்மை காசிக்குப் போயிருந்த மாதங்களில் தாண்டவராயன் உதவி கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். லாரிகளில் கருங்கல் வந்தது. கரையிலிருந்து கடலுக்குள் கல்லை நீளமாகக் கொட்டி, நுனியை வளைத்தார்கள். அந்தக் கடற்கரையில் அதற்குத் தூண்டில் வளைவு என்று பெயர்.

மறு வருஷமே கல்லுக்குத் தெற்கே மணல் சேர்ந்தது. சமாதிக்கு முன்னால் பிள்ளைகள் கபடி ஆடும் அளவுக்கு அகலமாகக் கிடந்தது. தாண்டவராயன் தினமும் அதை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் பல் விளக்குவார். அதற்குள் திரும்பி வந்திருந்த அம்மையும் அந்த மணலைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் தாண்டவராயனை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

ஆனி மாதம் ஒரு காலையில், வடக்கே அடுத்த மீனவர் குப்பத்திலிருந்து அம்மையையும் தாண்டவராயனையும் பார்க்க அஞ்சப்பன் வந்தார். தங்கள் கரை போய்விட்டது, படகு ஏற்ற இடமில்லை, முன்வரிசை வீடுகளின் சுவரை அலை தட்டுகிறது என்றார். மடத்துக் கரையில் படகுகளை ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார்.

தாண்டவராயனுக்கு மனம் இளகியது.

"இதுக்குப் போய்க் கேக்கணுமா? எங்க மணல்ல தாராளமா ஏத்திக்குங்க."

அஞ்சப்பன் சிரித்தார். "நல்ல தூண்டில் போட்டீங்க சாமி. எங்க ஊரே மாட்டிக்கிச்சு."

தாண்டவராயனின் முகம் சுருங்கியது. கடலை யார் என்ன செய்ய முடியும், எல்லாம் அதன் இஷ்டம் என்று ஏதோ சொன்னார். அஞ்சப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அம்மையின் பக்கம் திரும்பினார்.

"முன்னெல்லாம் ஐயாவுக்குப் போட்ட மாலை எங்க கரையிலதான் வந்து ஒதுங்கும் தாயி. எடுத்துப் படகு மூக்குல கட்டுவோம். இப்ப வர்றதில்ல. மாலை போடுறதையே நிறுத்திட்டீங்களோன்னு நினைச்சோம்."

நிறுத்தவில்லை. நாள் தவறாமல் மாலை போடுபவர் தாண்டவராயன். மறுநாள் அந்த வாடிய மாலையைக் கடலில் விடுபவரும் அவர்தான்.

அஞ்சப்பன் போனதும் அம்மை சமாதியிலிருந்து நேற்றைய மாலையைக் கழற்றி எடுத்துக்கொண்டு கரைக்கு நடந்தார். தாண்டவராயன் பின்னால் போனார். தெற்கிலிருந்து சோழகக் காற்று வீசிக்கொண்டிருந்தது. அம்மை மாலையை அலையில் விட்டார்.

அது கரைக்கு வந்தது, கடலுக்குத் திரும்பியது, மறுபடி வந்தது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வடக்கே தள்ளி வந்தது. இருவரும் அதனோடு நடந்தார்கள். கல்வரிசை குறுக்கிட்டதும் மாலை நின்று, அந்த மூலையிலேயே சுற்ற ஆரம்பித்தது. அங்கே ஏற்கெனவே பல மாலைகள் அழுகிக் கிடந்தன. அந்த நாற்றத்துக்குத் தாண்டவராயன் எத்தனையோ முறை மூக்கைப் பொத்தியிருக்கிறார். அவை ஏன் அங்கே சேருகின்றன என்று யோசித்ததில்லை.

அம்மை கல்மேல் ஏறினார். தாண்டவராயனும் ஏறினார். இந்தப் பக்கம் மணல் கல்லின் விளிம்புவரை நிறைந்திருந்தது. அந்தப் பக்கம், அஞ்சப்பனின் குப்பத்துக் கரையில், ஆளுயரப் பள்ளம். சற்றுத் தள்ளி, பாதிச் சுவரோடு நின்ற ஒரு வீட்டிலிருந்து ஒரு பெண் பாத்திரங்களை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அஞ்சப்பனை யாரோட மணல்ல படகை ஏத்திக்கச் சொன்னீங்க?"

தாண்டவராயன் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இந்தக் கல்லை எடுத்துட்டா மணல் போயிடும்," என்றார்.

"போகும்."

"அப்புறம் அலை நேரா ஐயா மேலதான் வரும்."

"வரும்."

"இந்தக் கையால அவரை இறக்கினேம்மா." அவர் உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். "அவருக்குன்னு இருக்கிறது இந்த ஒரு இடம்தான். அதையும் விடச் சொல்றீங்களா?"

அம்மை அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கீழே மாலை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"நான் வந்தது ஐயாவோட கடைசிக் காலத்துல. அவர் கூடவே இருந்தவர் நீங்க. நீங்களே சொல்லுங்க அண்ணே," என்றார். "யாரையாவது எழுப்பி விட்டுட்டு, அந்த இடத்துல ஐயா உட்கார்ந்து பார்த்திருக்கீங்களா?"