வரப்பில் ஒரு கனைப்பு

இந்தக் கதை எனக்கு நேரடியாகத் தெரிந்ததல்ல. விடுதியில் என்னோடு தங்கியிருந்த நண்பன் சொன்னது. அவனுக்குச் சொன்னவர் அவன் மாமா. அவர் யாரிடம் கேட்டார் என்பது அவனுக்குத் தெரியவில்லை.

ஆற்றின் நடுவே இருந்த நாணல்திட்டில் பூவாயி ஓர் ஊரை உண்டாக்கினாள். ஆண்டைகளின் பண்ணைகளிலிருந்து தப்பி வந்த அடிமைகளுக்கான ஊர். அவளும் அப்படி வந்தவள்தான். அங்கே எல்லாரும் அவள் சொல்லைக் கேட்டு வாழ்ந்தார்கள். துறைக்குக் காவல் இருந்த இருளப்பன் அவளைவிட மூத்தவன். ஆனாலும் அவளை ஆத்தா என்றே கூப்பிடுவான்.

ஒருநாள் கோணான் என்று ஒருவன் நீந்தி வந்து சேர்ந்தான். மறுநாள் மத்தியானமே இருளப்பன் பூவாயியிடம் போய் நின்றான்.

"ஆத்தா, அவன் நம்ம ஆளு இல்ல. பொழுது சாயறதுக்குள்ள அனுப்பிடணும்."

அவன் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. போன மழைக்காலத்தில் இப்படி வந்த ஒருவன் கஞ்சி குடித்துவிட்டு, ஆற்றில் எங்கே ஆழம் குறைவு என்று பார்த்துக்கொண்டு போனான். அடுத்த வாரம் ஆண்டையின் ஆட்கள் வந்து இரண்டு குடும்பங்களைக் கட்டி இழுத்துப் போனார்கள். ஒன்று இருளப்பனின் தங்கை குடும்பம்.

கோணான் கண்ணைப் பார்த்துப் பேசுகிறான், சாவகாசமாகச் சாப்பிடுகிறான், முதுகில் ஒரு தழும்புகூட இல்லை என்று இருளப்பன் அடுக்கினான்.

"அக்கரையில யாரு நிக்கிறா?" என்று பூவாயி கேட்டாள்.

"ஆண்டை ஆளுங்க."

"இவன் போனா அடிச்சே கொன்னுடுவாங்களே."

"வேவு பாக்க வந்தவனா இருந்தா சோறு போடுவாங்க."

பூவாயி யோசித்தாள். நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டாள்.

தெரியும் என்றான் இருளப்பன். சோதித்துப் பார்த்திருந்தான். பண்ணையில் ஆண்டை வரப்பில் வந்தால் பின்னாலிருந்து தொண்டையைக் கனைப்பார். அடிமை உடனே வரப்பை விட்டுச் சேற்றில் இறங்கிவிட வேண்டும். காலையில் கோணான் வரப்பில் போனபோது இருளப்பன் பின்னால் போய், ஆண்டையைப் போலவே கனைத்திருக்கிறான்.

"இறங்கலையா?"

"இல்ல. திரும்பிப் பாத்து, சளி புடிச்சிருக்காண்ணேன்னு கேக்கறான்."

பூவாயிக்குச் சிரிப்பு வந்தது. இருளப்பனுக்கு வரவில்லை. நம்மில் பிறந்தவன் எவனாவது அந்தச் சத்தத்துக்கு இறங்காமல் நிற்பானா என்று கேட்டான்.

"சரி, வா. நாமளே போய்ச் சொல்லி அனுப்புவோம்" என்று அவள் எழுந்தாள்.

கோணான் வயல்கோடியில் நாணல் அறுத்துக்கொண்டிருந்தான். இருவரும் வரப்பில் நடந்தார்கள். இருளப்பன் முன்னால், பூவாயி பின்னால். பாதி வழியில் அவள் கனைத்தாள்.

இருளப்பன் சேற்றில் நின்றான். முழங்கால்வரை புதைந்திருந்தது. தோளில் கிடந்த துண்டு அக்குளுக்குப் போயிருந்தது. தலை குனிந்திருந்தது. எப்போது இறங்கினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

பூவாயி வரப்பிலேயே நின்றாள்.

"நீ நம்ம ஆளுதான் இருளப்பா. சந்தேகமே இல்ல."

சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிக்கொண்டே அவன் கேட்டான். "அப்ப அவன்?"

"அவன் இருக்கட்டும். எப்படி இறங்காம நின்னான்னு அவன்கிட்ட கேட்டு வையி. எனக்கும் தெரியணும்."



கோணான் வேவுகாரனா இல்லையா என்று நண்பனுக்குத் தெரியவில்லை. நான் போன தை மாதம் அந்த ஊருக்குப் போனேன். அங்கே நான் கேட்டவர்களுக்கும் தெரியவில்லை. எதற்குக் கேட்கிறாய் என்று என்னையே ஒரு மாதிரி பார்த்தார்கள். திரும்பும்போது வரப்பில் எனக்கு முன்னால் புல்லுக்கட்டோடு ஒரு பெண் போய்க்கொண்டிருந்தாள். எனக்கு இருமல் வந்தது. நானாக வரவழைத்தது என்றும் சொல்லலாம்.

அவள் இறங்கவில்லை. திரும்பிப் பார்த்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.