மூடிய கண்களுக்குக் காவல் நின்றவர்

பள்ளியில் ஓவியம் கற்பித்த சடைமுத்தார் பெரிய பயந்தாங்கொள்ளி. தலைமையாசிரியர் கனைத்தாலே கையிலிருக்கும் சுண்ணக்கட்டி நழுவிவிடும். கணக்குப் பாடம் முடியவில்லை என்று யார் வந்து கேட்டாலும் தம் வகுப்பை விட்டுக்கொடுத்துவிட்டு, கொட்டாங்குச்சிகளில் காய்ந்த வண்ணத்தைக் கழுவிக்கொண்டிருப்பார். அப்படிப்பட்டவரும் மாரியம்மன் முன் நேர்ந்துகொண்ட நியமம் ஒன்றைத் தினமும் காத்துவந்தார். மாணவர் வரைந்த கோட்டின் மேல் தம் கை படக்கூடாது. பிள்ளையின் படம் ஒரு கருவறை. வாசலில் நின்று கேள்வி கேட்கலாம், உள்ளே காலெடுத்து வைக்க வாத்தியாருக்கு உரிமையில்லை என்பார். "திருத்தத் தெரியாத டிராயிங் மாஸ்டர்" என்று சக ஆசிரியர்கள் சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பார்.

பங்குனிப் பொங்கலுக்குக் கோயில் மதிலில் அம்மனை வரையும் பணி அவர் மாணவர்களுக்குக் கிடைத்தது. முகத்தை வரைந்தவள் ஒன்பதாம் வகுப்புத் தங்கமாரி. திருவிழாவன்று திரையை விலக்கியதும் கூட்டம் திடுக்கிட்டது. அம்மன் கண்களை மூடியிருந்தாள்.

கோயில் தர்மகர்த்தா இராமபாண்டியன்தான் பள்ளிக்கும் செயலர். "என்னங்க அபசகுனம் இது? சாமியாடி வாரதுக்குள்ள கண்ணத் தொறந்து வைங்க. இல்லன்னா நாளையிலருந்து பள்ளிக்கூடத்துப் பக்கம் வராதீங்க" என்று தூரிகையைச் சடைமுத்தார் கையில் திணித்தார்.

சடைமுத்தார் கையிலிருந்த தூரிகையைப் பார்த்தார். அவருக்கு வேறு வேலை தெரியாது. தங்கமாரியிடம் போய், "ஏம்மா மூடிட்ட?" என்று மெல்லக் கேட்டார்.

"எங்கம்மா சாகக் கெடந்தப்ப ஆத்தா பாக்கவே இல்ல சார். எப்பிடித் தொறந்து வரைவேன்?"

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. தூரிகையைக் கீழே வைத்துவிட்டு மதிலின் முன் போய் நின்றார். கால்கள் வெடவெடவென்று ஆடின. "மன்னிச்சிருங்கய்யா. நான் தொட மாட்டேன். யாரையும் தொட விடவும் மாட்டேன்" என்றார். படத்தை அழிக்க யாரோ சுண்ணாம்பு வாளியைத் தூக்கிவந்தார்கள்.

அதற்குள் உறுமி மேளச் சத்தம் நெருங்கிவிட்டது. அருள் இறங்கிய சாமியாடி உலகாயி, சூலத்தோடு மதிலை நோக்கி ஓடிவந்தாள். ஊரே அவளுக்கு அஞ்சி விலகியது. சூலம் தம் மார்பில்தான் இறங்கப்போகிறது என்று நினைத்தார் சடைமுத்தார். "தாயே" என்று முனகினாரே தவிர நகரவில்லை.

உலகாயி நின்றாள். படத்தைப் பார்த்தாள். அவள் கன்னங்களில் கண்ணீர் வழிந்தது.

"புள்ள சரியாத்தான் வரைஞ்சிருக்கா. அவளப் பெத்தவ துடிச்சப்ப பாக்கத் தைரியமில்லாம கண்ண மூடிக்கிட்டேன்" என்றாள். பிறகு சடைமுத்தாரின் நெற்றியில் திருநீறு பூசி, "நான் பயந்து மூடிக்கிட்டேன். நீ பயந்துக்கிட்டே நின்னுட்டியேடா மகனே" என்றாள்.

சுண்ணாம்பு வாளியை இராமபாண்டியனே அப்பால் எடுத்துக்கொண்டு போனார். தெய்வமும் பார்க்க அஞ்சிய ஒரு பிள்ளையின் துயரத்துக்கு நடுங்கிய கால்களோடு காவல் நின்ற சடைமுத்தாரின் திருவடி வாழ்க.