இருபதாவது ஆளோட தலகாணி

ஒரு ஊர்ல ஒரு மேயரம்மா இருந்தா. பிரான்சுல. ஊர் பேரு சாம்ப்ரியோல். மேப்புல தேடாத, ஒரு ஈ உக்காந்தா மறைஞ்சுடும். ஒரு மேடு, ஒரு ஓடை, ஒரு மாதா கோயில், ஒரே தெரு. ஜனம் பத்தொன்பது. மாடு நாப்பது. மாட்டுக்கும் ஓட்டு இருந்திருந்தா மேயரே வேற. "ம்" சொல்லு, சொன்னாதான் மேல.

"ம்."

அவ பேரு ஒர்த்தான்ஸ். ஆள்றது பத்தொன்பது பேரை. ஆனா மேயருங்க போடற அந்த மூணு கலர் துணிப் பட்டையைத் தோள்ல மாட்டிட்டா, நாட்டையே ஆள்ற நடை. டக் டக் டக்.

அப்போ சர்க்கார்லேர்ந்து ஒரு காயிதம் வந்துது. இருபது பேருக்குக் குறைஞ்சா மேட்டுக்கு அந்தாண்ட ஊரோட சேர்த்துடுவோம், பேர்ப்பலகையைப் பிடுங்கிடுவோம்னு. அப்போ பட்டையும் போச்சு.

அப்புறம் தலை எண்ற ஆபீசர் வந்தான். கோயில் பக்கத்துல ஒரு கல்லு. சண்டையில செத்த இருபத்தாறு பேரோட பேரு அதுல.

"இவங்களும் எங்க ஊர்தான்"னா மேயரம்மா.

"கூப்பிடுங்க, வரட்டும்"னான்.

யாரும் வரலை. சண்டைக்குக் கூப்பிட்டப்போதான் ஓடி வந்துட்டாங்களே, பாவம்.

அப்புறம் ஒரு வைக்கோல் பொம்மைக்குத் தொப்பி போட்டு ஜன்னல்ல உக்கார வெச்சா. ஆபீசர் "பொன்ஜூர்"னான். அங்க அதுதான் வணக்கம். எதிர்ல பாத்தா சொல்லியே ஆகணும், சொன்னா பதில் வந்தே ஆகணும். பொம்மை கம்முனு இருந்துது. ஒரு குருவி வந்து மூக்கைப் பிடுங்கிட்டுப் போச்சு. விசுக்!

"அப்போ ஊரு போயிடுமா தாத்தா?"

குறுக்க பேசாத. "ம்" மட்டும்.

லெயோன்ஸ்னு ஒரு கிழவன். ரெண்டு ஊர் எல்லைக்கோடும் அவன் வீட்டுக்குள்ளதான் ஓடுது. முன்னெல்லாம் மேயரம்மா ஊர்ப் பக்கம்தான் படுப்பான். அவன் சேவல் கூவி மேயரம்மா தூக்கம் கெட்டுச்சாம். பதினோரு வருஷமா அவனுக்கு மட்டும் பொன்ஜூர் கிடையாது. அவன் சும்மா இருப்பானா? கட்டிலைத் தர்ர்ர்னு இழுத்துக் கோட்டு மேலயே போட்டான். தலகாணி அந்த ஊர்ல. காலு மேயரம்மா ஊர்ல.

காலாவது எங்க ஊர்லதானேன்னு மேயரம்மா ஆபீசரை அங்க இழுத்துட்டுப் போனா. ஆபீசர் கட்டிலைப் பாத்தான். "தலை எந்த ஊர்லயோ, ஆளும் அந்த ஊர்தான்"னான்.

"அப்போ தலகாணியை இந்தப் பக்கம் திருப்புய்யா!"ன்னா மேயரம்மா.

கிழவன் எழுந்திருக்கலை. "வீட்டுக்குள்ள வந்தவ முதல்ல என்ன சொல்லணும்?"

அவ மூஞ்சி தக்காளி ஆயிடுச்சு. "பொ..."

"கேக்கலை."

"பொன்..."

"சேவலுக்கே கேக்கலை."

"பொன்ஜூர், லெயோன்ஸ்!"

கொக்கரக்கோ! சேவல்தான் முதல்ல பதில் சொல்லுச்சு. கிழவன் தலகாணியைத் திருப்பினான். பொத்! ஆபீசர் இருபதுன்னு எழுதிட்டுப் போயிட்டான். பலகை தப்பிச்சுது. பட்டையும்.

"அப்புறம்?"

அப்புறம் என்ன? மறுநாள் மேயரம்மா பழையபடி மூஞ்சியைத் திருப்பிட்டுப் போனா. கிழவன் ஜன்னல் வழியா தலகாணியைத் தூக்கிக் காட்டினான், அவ்வளவுதான். அன்னையிலேர்ந்து தினம் காலையில பட்டையை மாட்டிட்டு டக் டக்னு மேடேறி வந்து, அவன் வாசல்ல நின்னு பொன்ஜூர் சொல்லிட்டுதான் ஊரை ஆளப் போறா.

முடிஞ்சுது. உன் தலை எங்க இருக்கு? தலகாணியில வை. ம்... கண்ணை மூடு.