கழிமுகத்தின் மறுபாதி

ஆழித்துறை நகரத்தில் பெரிய வணிகக் குடும்பங்கள் இரண்டு. பவள மாடத்தார், சங்கு மாடத்தார். மூன்று தலைமுறையாக இவர்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. ஊர்க்காரர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு.

கழிமுகம் முழுக்க மணல்திட்டு. வழி தெரியாத கப்பல் தரை தட்டிவிடும். நகரத்தை நிறுவியவர்கள் விவரமானவர்கள். கடலிலிருந்து நடுப்பாறை வரை வழிநடத்தும் உரிமையைப் பவள மாடத்து மீகாமன்களுக்குக் கொடுத்தார்கள். பாறையிலிருந்து கரை வரை சங்கு மாடத்து மீகாமன்களுக்கு. யாருடைய கப்பலானாலும் பாறையருகே நிற்க வேண்டும். ஒருவன் இறங்குவான், மற்றவன் ஏறிச் சுக்கானைப் பிடிப்பான்.

அந்தப் பாறைமேல் ஒரு குடிசை. அதில் இருந்த துறவியை மாலுமிகள் பாறைச் சாமி என்பார்கள். பவள மாடத்துத் தலைவர், பெருவணிகரான மாநாய்கர் கொற்றவேள் அவருடைய சீடர். குருவைவிட வயதில் மூத்தவர். ஊரில் யாருக்கும் எழுந்து நிற்காத மனிதர், இங்கே மட்டும் வெறும் தரையில் உட்காருவார்.

ஒரு நாள் மதியம், துடுப்புக்குக்கூட ஆள் இல்லாமல், தானே படகு வலித்து வந்து சேர்ந்தார்.

“சாமி, ஒண்ணு கேக்கணும்.”

“வேர்த்துக் கொட்டுது. முதல்ல உட்காருங்க.”

“உட்கார நேரமில்ல. என் மக மணிநகை வந்த கப்பல் அதோ, பாறைக்கிட்ட நிக்குது. சாயங்காலம் பெருங்காத்து வரும்னு மாலுமிங்க சொல்றாங்க. அதுக்குள்ள கரை சேரலைன்னா நங்கூரம் தாங்காது.”

“கரைக்குக் கொண்டுபோக வேண்டியதுதானே?”

கொற்றவேள் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“வழி தெரியல.”

“சங்கு மாடத்து மீகாமன் எங்கே?”

“அவங்க ஆளுங்க யாரும் என் கப்பல்ல ஏறக் கூடாதுன்னு போன வருஷமே சொல்லிட்டேன்.”

“ஏன்?”

“அவங்க மீகாமன் ஒருத்தனுக்கு ஆசை காட்டி, அவங்க பாதியையும் தெரிஞ்சுக்கிட்டேன். இனிமே அவங்க எதுக்குன்னு நெனச்சேன்.”

“அதான் தெரிஞ்சுக்கிட்டீங்களே, அப்புறம் என்ன?”

“மழைக்காலத்துல மணல் நகர்ந்துடுச்சு சாமி. காலையில ஒரு சரக்குப் படகை முன்னால விட்டுப் பார்த்தேன். பாதி தூரத்துலயே தட்டிடுச்சு.”

குரு சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொற்றவேளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“சரி, நன்னாகர்கிட்ட ஒரு மீகாமனைக் கேளுங்க.”

நன்னாகர் சங்கு மாடத்தின் தலைவர். அந்தப் பெயர் காதில் விழுந்ததும் கொற்றவேளின் முகம் இறுகிவிட்டது.

“அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன். அவர் வாசலை மிதிக்காம, என் தலை குனியாம, கேக்கறதுக்கு ஒரு வழி சொல்லுங்க. என் தாத்தா அந்தத் தெருப்பக்கமே போனதில்ல.”

“உங்க தாத்தாவும் கப்பல்ல இருக்காரா?”

கொற்றவேள் கப்பலைப் பார்த்தார். மேல்தளத்தில் யாரோ துணியை வீசிக்கொண்டிருந்தார்கள். மகள்தானா என்று கண் கூசும் வெயிலில் தெரியவில்லை. அவருக்குப் பயமாக இருந்தது. சிறுவயதில் அவள் காய்ச்சலில் கிடந்தபோதுகூட இப்படிப் பயந்ததில்லை.

“எனக்கு மானமும் வேணும், மகளும் வேணும் சாமி.”

“இன்னைக்குக் காலையில இன்னொருத்தர் வந்தார். மானமும் வேணும், தம்பியும் வேணும்னார்.”

“யாரு?”

“தம்பி வந்த கப்பல் வெளிக்கடல்ல நிக்குதாம். பாறை வரைக்கும் வர வழி தெரியலையாம். போன வருஷம் உங்க மீகாமன் ஒருத்தனுக்கு ஆசை காட்டிக் கத்துக்கிட்ட வழியாம். இப்ப மணல் நகர்ந்துடுச்சாம்.”

கொற்றவேள் மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

“நன்னாகரா?”

“ஆமா.”

“அவருக்கு என்ன வழி சொன்னீங்க?”

“எனக்கு எந்தப் பாதியும் தெரியாதே மாநாய்கரே. நீங்க வர்ற வரைக்கும் குடிசைக்குள்ள உட்காரச் சொன்னேன்.”