பிச்சையாவின் உள்ளங்கை

"அந்தப் பெட்டி நமக்கு வேண்டாம்மா" என்றார் பிச்சையா.

"எந்தப் பெட்டி?" என்றார் குரு சிவகாமி. வயதில் பிச்சையாவுக்கு இளையவர்தான். ஆனாலும் மடத்தில் எல்லோருக்கும் அவர் அம்மா.

"கோமு கொண்டாந்து வச்சிருக்காளே, தண்ணி கசிஞ்சா கத்துமாமே. அதுதான்."

மலையடிவாரத்து மடம். புத்தக அறைக்கு நேர் மேலே தண்ணீர்த் தொட்டி. குழாய் எப்போது கசியும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் காலையும் மாலையும் பிச்சையா முட்டி போட்டு, மூலை முடுக்கெல்லாம் உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்ப்பார். ஈரம் தட்டுப்பட்டால் தோளில் கிடக்கும் துணியால் துடைத்துவிடுவார். அந்த அறை அவருடையது. வேறு யாரும் உள்ளே போவதில்லை.

கோமு மடத்துக்கு வந்து இன்னும் ஒரு மழைக்காலம்கூட முடியவில்லை. அவள்தான் அன்று காலை உள்ளே போய் அந்த வெள்ளைப் பெட்டியைத் தரையில் வைத்தாள். அதைப் பார்த்துக் குரு வாய்விட்டுச் சிரித்தார்.

"இனி அண்ணாச்சிக்கு முட்டி வலி இல்ல."

அந்தச் சிரிப்புதான் பிச்சையாவை உறுத்தியது. இத்தனை வருஷமாகத் துடைத்தாரே, அவரைப் பார்த்து ஒரு தடவையாவது குரு அப்படிச் சிரித்திருப்பாரா?

"உள்ள ஒண்ணும் இருக்காதும்மா. திருவிழாக் கடைப் பொம்மை."

"அப்படியா? பிரிச்சுப் பாருங்களேன்."

குரு ஒரு ஸ்க்ரூடிரைவரை நீட்டினார். கோமு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அடியில இருக்கு அண்ணே, திருகாணி..."

"தெரியும். நீ சும்மா இரு."

திருகினார். வழுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். பெட்டி வாயைப் பிளந்தது.

ஒரு பேட்டரி. ஒரு பச்சைத் தகடு. சத்தம் போட ஒரு வில்லை. அடியில் இரண்டு ஊசிகள்.

"இவ்வளவுதானா!"

"இவ்வளவுதான் அண்ணே. ரெண்டு ஊசியும் ஒண்ணை ஒண்ணு தொடாது. நடுவுல ஈரம் வந்தா கத்தும்."

"ஈரத்தைப் பத்தி ஊசிக்கு என்ன தெரியும்? கைக்குல்ல தெரியணும்."

சொல்லிக்கொண்டே, தரையைத் தடவுகிற பழக்கத்தில், ஊசிகளின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

பெட்டி வீலென்று கத்தியது.

பிச்சையா துள்ளிக் குதித்தார். முகமெல்லாம் வெளிச்சம்.

"கேட்டீங்களாம்மா! தரையில பொட்டுத் தண்ணி இல்ல. சும்மா கத்துது! இந்தப் புளுகுணியை நம்பியா புத்தகத்தையெல்லாம் விடப் போறீங்க?"

கோமுவின் முகம் சுண்டிப் போனது.

"கோமு, நீ கையை வை" என்றார் குரு.

வைத்தாள். சத்தம் இல்லை.

குருவும் வைத்தார். சத்தம் இல்லை.

"அண்ணாச்சி, இப்போ நீங்க."

வைத்தார். வீல்.

எடுத்தார். நின்றது.

மறுபடி வைத்தார். வீல்.

பிச்சையா மெல்லக் கையைத் திருப்பினார். ரேகையெல்லாம் வேர்த்து, உள்ளங்கை பளபளவென்று கிடந்தது.



பிச்சையாவின் தோளில் கிடந்த துணியைக் குரு எடுத்து அவர் மடியில் போட்டார்.

"துடைங்க அண்ணாச்சி. உங்க வேலைதானே."