கையிலேயே கிடந்த வளையல்

"ஆறு வருஷம் ஆச்சு, ஆச்சி. இன்னும் ஒரு வளையலுக்குக்கூட நானா ஒரு முடிவு சொன்னதில்ல. இன்னைக்கும் இல்லேன்னா, நான் ஊருக்கே போயிடுறேன்."

இதைச் சொல்ல அடைக்கலம் ஒரு வாரமாகத் தைரியம் சேர்த்திருந்தார். சொல்லி முடித்ததும் தரையைப் பார்த்துக்கொண்டார்.

தைலம்மை ஆச்சி ஜன்னலோரம் வெள்ளைத் துணியை விரித்துக்கொண்டிருந்தாள். 

பர்மாவின் மாண்டலேயில் ஜேட் என்னும் பச்சைக்கல் வளையல் வாங்குகிறவரும் விற்கிறவரும் சண்டை போட்டுக் களைத்த பிறகு வந்து சேரும் இடம் அவள் வீடுதான். அவள் நல்ல கல் என்றால் நல்ல கல். சாயம் ஏற்றியது என்றால், விற்க வந்தவன் மறுபேச்சில்லாமல் செருப்பைத் தேடுவான்.

குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்தாறு. அவர் அவளை ஆச்சி என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்களுக்குப் பழகிவிட்டது.

அடைக்கலம் முன்பு ரயில்வேயில் இருந்தவர். வண்டி வந்து நின்றதும் நீளச் சுத்தியலோடு இறங்கி, சக்கரம் சக்கரமாகத் தட்டிக் கேட்பார். கணீரென்றால் வண்டி போகலாம். மந்தமாகக் கேட்டால் விரிசல். இருபத்தெட்டு வருஷத்தில் அந்தக் காது ஒரு தடவைகூட ஏமாந்ததில்லை.

ஜேட்டும் அப்படித்தான். நல்ல கல்லைத் தட்டினால் மணியாக ஒலிக்கும். அமிலத்தில் ஊறவைத்து, உள்ளே பிசின் ஏற்றிய கல் மரக்கட்டை மாதிரி அடங்கிப்போகும். இந்தக் காது அதற்கும் உதவும் என்று நம்பித்தான் அவர் ஆச்சியிடம் வந்து சேர்ந்தார்.

வந்தவருக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தாள். மஞ்சள் விளக்கில் மட்டக் கல்லும் அழகாகத் தெரியும், காலை வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். விரிசலைக் கண்ணைவிட நகம் சீக்கிரம் கண்டுபிடிக்கும். இப்படி எத்தனையோ.

ஆனால் ஒரு பழக்கம் அவளுக்கு இருந்தது. அவர் வளையலைக் கையில் எடுத்துப் பார்க்கும்போதே, பக்கத்தில் இருந்து "ம்" என்பாள். அந்த "ம்" மேலே ஏறினால் நல்ல கல். கீழே இறங்கினால் ஆகாத கல். அடைக்கலமும் கெட்டிக்காரர்தானே, கல்லைப் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டு "ம்"மைக் கேட்கக் கற்றுக்கொண்டார். அதனாலேயே ஆறு வருஷத்தில் ஒரு தப்பும் செய்யவில்லை.

துணியை விரித்து முடிக்கவும் வாசலில் ஒரு பெண் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. மார்க்கெட்டில் அத்தோ நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் அங்கம்மா.

போன மாதம் அவள் புருஷன் இறந்துபோனான். கருமாதிக்கு வந்த கொழுந்தன், அத்தனை உறவுக்கும் நடுவில், அவள் கையில் கிடக்கும் வளையல் பிளாட்பாரத்தில் வாங்கிய போலி என்று சொல்லிவிட்டுப் போனானாம். கல்யாணமான வருஷம் புருஷன் ஆசையாகப் போட்டுவிட்டது. அன்றிலிருந்து கழற்றியதே இல்லை.

"விக்கிறதுக்கு இல்லீங்க," என்றாள் அங்கம்மா. "முப்பத்தொரு வருஷமா அவரு என்னை ஏமாத்தினாரா இல்லையா, அது மட்டும் தெரிஞ்சா போதும்."

ஆச்சி அடைக்கலத்தைப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க சொல்லுங்க."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, முறத்தில் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

 கேட்டது கிடைத்துவிட்டால் மனுஷனுக்கு வருகிற பயம் அடைக்கலத்துக்கு வந்தது.

அங்கம்மாவின் கையை வெள்ளைத் துணிமேல் வைக்கச் சொன்னார். பட்டாணிப் பச்சை. ஓரிடத்தில் மேகம் மாதிரி கொஞ்சம் வெளுப்பு. நகத்தை ஓட்டிப் பார்த்தார், எங்கும் தட்டுப்படவில்லை. நல்ல கல் போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

பழக்க தோஷம், காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். "ம்" வரவில்லை. ஆச்சியின் முதுகுதான் தெரிந்தது.

கழற்ற முடியுமா என்று கேட்டார். மூட்டு தடித்துவிட்டது, வராது என்றாள் அங்கம்மா. சரி, கையில் கிடந்தபடியே இருக்கட்டும் என்று சின்னக் கல்லை எடுத்துத் தட்டினார்.

டப்.

மறுபடி தட்டினார்.

டப்.

இருபத்தெட்டு வருஷக் காது. அதற்குமேல் யோசிக்க அவருக்கு ஒன்றுமில்லை.

"பிசின் ஏத்தின கல்லும்மா. நல்ல கல் இல்ல."

அங்கம்மா அழவில்லை. சேலைத் தலைப்பை இழுத்து வளையலை மூடிக்கொண்டாள். தெரிந்துகொண்டது நல்லதுதான் என்று முணுமுணுத்துவிட்டு எழுந்தாள். 

"கழட்டித் தட்டினீங்களா, அண்ணே?" ஆச்சி திரும்பாமலே கேட்டாள்.

"வரலையே, ஆச்சி. அதுக்கென்ன, சக்கரம் முழு ரயிலைத் தாங்கிட்டு நிக்கும்போதே கணீர்னு கேக்கும்."

"சக்கரத்துக்கு மேல இருக்கறது இரும்பு. இதுக்குள்ள இருக்கறது சதை."

ஆச்சி எழுந்து போய்ச் சோப்புத் தண்ணீரும் ஒரு பிளாஸ்டிக் பையும் கொண்டுவந்தாள். அங்கம்மாவை உட்கார வைத்து, பையைக் கையில் மாட்டி, மேலே சோப்பைத் தடவி, கட்டைவிரலை உள்ளே மடக்கி, மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள். கால் மணி நேரம் ஆனது. அங்கம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். வளையல் வெளியே வந்தபோது மணிக்கட்டில் அது கிடந்த தடம் வெள்ளையாகத் தெரிந்தது.

ஆச்சி வளையலைத் துடைத்தாள். ஒரு நூலில் கோர்த்துத் தூக்கிப் பிடித்து, அடைக்கலத்தைத் தட்டச் சொன்னாள்.

தட்டினார்.

அந்தச் சத்தம் ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அடங்க வெகுநேரம் ஆனது. முப்பத்தொரு வருஷமாக அது கையிலேயே கிடந்திருக்கிறது, அதன் குரலை அங்கம்மாவே அன்றுதான் கேட்டாள்.

"அசல் கல்," என்றாள் ஆச்சி. "சாயம் இல்ல, பிசின் இல்ல. ஆனா நிறம் மட்டம். சந்தையில பெருசா விலை போகாது."

"ரொம்ப விலைன்னு சொல்லித்தானே போட்டுவிட்டாரு?"

"அது பொய்."

அங்கம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். அவர் அப்படித்தான், வாங்குகிற கத்திரிக்காய்க்குக்கூட நாலு காசு கூட்டித்தான் சொல்வார் என்றாள்.

திரும்பப் போட்டுக்கொள்வதற்கு முன்னால் இன்னொரு தடவை தட்டச் சொல்லிக் கேட்டாள். அடைக்கலம் தட்டினார். 

ஆச்சி வளையலைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கம்மா வளையலோடு படியிறங்கிப் போனதும், அடைக்கலம் கழுத்தில் கிடந்த பூதக்கண்ணாடியைக் கழற்றித் துணிமேல் வைத்தார். மூலையில் இருந்த தன் பையை எடுத்தார்.

"எனக்கு இது ஆகாது, ஆச்சி. நீங்க இல்லேன்னா அந்தம்மாவை இன்னொரு தடவை விதவையாக்கி அனுப்பியிருப்பேன்."

ஆச்சி தன் வெறும் மணிக்கட்டைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஆறு வருஷம் உங்களையும் கையிலேயே போட்டு வெச்சிருந்துட்டேன்," என்றாள் கடைசியில்.

பிறகு பூதக்கண்ணாடியை எடுத்து, அதன் பழைய கயிற்றை அறுத்துப்போட்டு, அங்கம்மாவின் வளையல் தொங்கிய நூலில் கோர்த்தாள். அதை அவர் கழுத்தில் மாட்டினாள். சுவரில் மாட்டியிருந்த குடையை எடுத்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க, ஆச்சி?"

"அங்கம்மா கடையில அத்தோ சாப்பிட. அப்படியே மோனிவாவுல இருக்கற என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். பத்து நாள் ஆகும்."

அடைக்கலம் பையைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"யாராவது வந்தா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். "ம்" கூடச் சொல்லவில்லை.

தெருக்கோடியில் குடை திரும்பி மறைந்தது. அவர் வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையை மூலையிலேயே வைத்துவிட்டு வந்து, ஜன்னலோரத்துத் துணியில் சோப்புத் தண்ணீர் பட்ட இடத்தை மடித்து, காய்ந்த பக்கத்தை மேலே விரித்தார்.

மூன்று வளையல்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு ஓர் ஆள் படியேறினார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஆச்சி இல்லையா?"

"நான் இருக்கேன்," என்றார் அடைக்கலம். "உக்காருங்க."