உண்ணிப்புதருக்கு அப்பால்

மலையடிவாரக் காட்டில் மாதி என்றொரு பெண் யானை இருந்தது. அதன் வயிறு தரையைத் தடவாத குறைதான். நாலு எட்டு வைத்தால் மூச்சு இரைக்கும். படுத்தால் எழுந்திருக்கப் பெரும்பாடு.

காட்டின் நடுவே ஒரு சாலை போயிற்று. சாலையோரச் சோதனைச் சாவடியில் கரும்பு லாரிகள் நிற்கும். பாரம் மிஞ்சிய கரும்பை ஓட்டுநர்கள் கீழே தள்ளிவிட்டுப் போவார்கள். மாதி தன் சின்னக் கன்றோடு காலையும் மாலையும் அங்கேதான் நிற்கும்.

அது தை மாதம். பங்குனி பிறந்தால் அடிவாரத்து ஓடை வற்றிவிடும். யானைகள் மேல்மலைச் சுனைக்கு ஏறியாக வேண்டும். ஏறாத யானைக்குத் தண்ணீர் இல்லை. அதன் கன்றுக்கும் இல்லை.

கூட்டத்தின் தலைவி சடைச்சி, மேட்டுக்காட்டிலிருந்து இறங்கி வந்து மாதியைப் பார்த்தது. பார்த்ததும் திகைத்தது.

"இன்றையிலிருந்து யாரும் சாலைப் பக்கம் போகக் கூடாது" என்று ஆணையிட்டுவிட்டுத் திரும்பிப் போயிற்று.

நாலாம் நாள் மாதி மறுபடி சாலையில் நின்றது. கோணவாலன் என்ற கருங்குரங்கு ஓடிப்போய்ச் சொன்னது: "தலைவியம்மா, உங்க ஆணையைக் கரும்போட சேர்த்து மென்னுட்டா!"

சடைச்சி கோபத்தோடு வந்தது. "உன்னால வாயைக் கட்ட முடியாதா?"

"கட்டினேன் அக்கா, மூணு நாள்" என்றது மாதி. "மடியில பால் வத்திப்போச்சு. கன்னு அழுதுச்சு."

"இத்தனை பெரிய காட்டுல வேற தீனியே இல்லையா?"

"இருந்தா காட்டுங்க. கூடவே வர்றேன்."

"அவ நடந்தா மலையே நடக்கிற மாதிரி இருக்கு. தனியா எதுக்கு ஒரு மலை ஏறணும்?" என்று கோணவாலன் கிளையில் தொங்கியபடி சிரித்தது. மாதி தலையைத் தாழ்த்திக்கொண்டது.

இரண்டு யானைகளும் நடந்தன. முன்பு புல் ஆடிய சரிவெல்லாம் உண்ணிப்புதர். அழகான பூ, அடியில் முள், வாயில் வைக்க முடியாத இலை. உச்சிவேளை ஆயிற்று. ஒரு பிடி புல் அகப்படவில்லை. சடைச்சியின் வயிறு உறுமியது.

அப்போது காற்று திரும்பியது. சாலையிலிருந்து கரும்பு மணத்தது. தலைவியின் துதிக்கை தானாக அந்தப் பக்கம் உயர்ந்தது.

மரத்துக்கு மரம் தாவிப் பின்னால் வந்த கோணவாலனும் அதைப் பார்த்தது. சிரிப்பை விட்டுக் கிளையில் ஏறி உட்கார்ந்தது.

சடைச்சி மெல்லத் துதிக்கையை இறக்கியது. "நான் மேட்டிலேயே மேய்ஞ்சுக்கிட்டு இருந்துட்டேன். இங்க இறங்கிப் பார்க்கலை, மாதி" என்றது.

மறுநாள் கூட்டமே இறங்கி வந்தது. யானைகள் காலால் மிதித்து, துதிக்கையால் பிடுங்கி, புதரை உடைத்தன. பத்தாம் நாள் வழி திறந்தது. அப்பால் மூங்கில் பச்சையாக நின்றது.

"இனி உன் கால்தான்" என்றது சடைச்சி.

மாதி ஓரடி வைத்தது. பின்னால் லாரி ஒலி எழுப்பியது. நாக்கில் இனிப்பு ஊறியது. கண்ணில் நீரும் வந்தது. அன்று அது சாலைக்கே திரும்பிவிட்டது. மறுநாளும் அப்படியே. யாரும் ஏசவில்லை. மூன்றாம் நாள் கன்று புது வழியில் தாவி ஓடியது. பின்னாலேயே மாதி, இரைக்க இரைக்க, மூங்கில்வரை நடந்தது. பிறகு தினமும் நடந்தது. இடையில் இரண்டொரு நாள் தவறியதும் உண்டு.

பங்குனியில் கூட்டம் மலை ஏறியது. மாதி இளைத்துவிடவில்லை, ஆனால் கால் பழகியிருந்தது. மூன்று இடத்தில் நின்றது. மூன்று இடத்திலும் கூட்டம் காத்து நின்றது. பொழுது சாயும்போது தாயும் கன்றும் சுனையில் வாய் வைத்தன.

அடைபட்ட வழியைத் திறப்பது கூட்டத்தின் பொறுப்பு. திறந்த வழியில் நடப்பது அவரவர் பொறுப்பு.